வினாடிக் கணக்கா, ஷாட் கணக்கா, பங்கா? சின்ன அனிமேஷன் படத்துக்கு ஆள் பிடிக்கும் முன்

கதை தயார். 90 வினாடிப் படம், மூன்று கதாபாத்திரங்கள், குரல் கொடுக்க நண்பர்கள் இருக்கிறார்கள். வரைந்து அசைக்கத்தான் ஆள் வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்த முப்பது நாற்பதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் பிடித்துப்போன ஒரு அனிமேட்டரிடம் கேட்டால் "வினாடிக்கு இவ்வளவு" என்கிறார். இன்னொருவர் "மொத்தமாப் பேசிக்கலாம்" என்கிறார். கல்லூரி முடித்த பையன் ஒருவன் "காசெல்லாம் வேண்டாம் அண்ணா, பேர் போட்டா போதும்" என்கிறான். இந்த இடத்தில் வந்து நிற்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எது மலிவு?

பெரும்பாலும் அதற்கு ஒரே பதில் கிடையாது. நடுவில் உங்கள் மனசு மாறினால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதில்தான் இந்த வழிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. முதல் படம் எடுப்பவர்களுக்கு மனசு மாறாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் வேலையின் அளவு புரிய வேண்டும். படம் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்களாக, ஓடுகிறது. கையால் வரையும் 2டி அனிமேஷனில் வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவதுதான் வழக்கம். 'ஆன் டூஸ்' என்று சொல்வது இதைத்தான். அப்படியென்றால் வினாடிக்கு 12 படம், 90 வினாடிக்கு 1,080 படம். இது ஒரு கதாபாத்திரத்துக்கு மட்டும். மூவரும் எல்லா ஷாட்டிலும் அசைந்துகொண்டே இருந்தால் மூவாயிரத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொன்றையும் ரஃபாக வரைந்து, கோடுகளைச் சுத்தமாக்கி (கிளீனப்), வண்ணம் போட வேண்டும். அசையாமல் நிற்கும் இடங்கள், திரும்பத் திரும்ப வரும் நடை என்று கொஞ்சம் குறையும். ஆனாலும் முழு வண்ணத்தில் கையால் வரையும் தனி ஆள் ஒரு வாரத்தில் முடிப்பது சில வினாடிகள்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். கரெக்‌ஷன் வந்தால் அந்தச் செலவு யாருடையது? ஆள் பாதியில் போய்விட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்? வேலையைப் பார்த்துக்கொள்ள உங்கள் நேரம் எவ்வளவு போகும்? முடிந்த பிறகு படமும் கதாபாத்திரங்களும் யாருக்குச் சொந்தம்? விலையை ஐந்தாவதாகத்தான் வைப்பேன், ஏனென்றால் அது இந்த நான்கிலிருந்து பிறப்பது.

இவற்றுக்கு முன்னால் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அனிமேட்டிக் லாக் ஆகிவிட்டதா, அதாவது இனி மாற்றமில்லை என்று முடிவாகிவிட்டதா? கதையை ஷாட் ஷாட்டாக வரைந்த ஸ்டோரிபோர்டு படங்களைக் குரலோடு, சரியான நேரத்தோடு வரிசையாக ஓட்டிப் பார்ப்பதுதான் அனிமேட்டிக். நம் ஊர் சினிமாவில் படப்பிடிப்பு முடிந்த பிறகு டப்பிங் பேசிப் பழகிவிட்டோம். குறும்பட ஆட்களும் அதே பழக்கத்தில் "வாய்ஸ் அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனிமேட்டரை வேலை தொடங்கச் சொல்லிவிடுகிறார்கள். அனிமேஷனில் இது தலைகீழ். குரலைப் பதிவு செய்த பிறகுதான் வாயசைவு, கையசைவு, கண் சிமிட்டல் எல்லாம். பேசியவர் பிறகு வேறு வேகத்தில் மறுபடியும் பேசினால் லிப் சிங்க் போய்விடும், அந்த ஷாட்டின் நடிப்பே மாற வேண்டியிருக்கும். அனிமேட்டிக் லாக் ஆகாமல் எந்த வழியில் பேரம் பேசினாலும் நஷ்டம் உண்டு. யாருக்கு என்பதுதான் மாறும்.

## வினாடிக் கணக்கு

கேட்க எளிது, பட்ஜெட் போட எளிது. கணக்குக்காக வினாடிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 90 வினாடிக்கு 36,000. அவ்வளவுதான் என்று தோன்றும்.

சிக்கல் என்னவென்றால், எல்லா வினாடியும் ஒன்றல்ல. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசும் 10 வினாடியில் வாயும் புருவமும் ஒரு கையும் அசைந்தால் போதும். வாடிவாசலிலிருந்து காளை பாய்ந்து வர, நாலு பேர் திமிலைப் பிடிக்க முயலும் 10 வினாடி வேறு உலகம். இரண்டுக்கும் ஒரே விலை பேசினால் ஒன்று நீங்கள் தாத்தாவுக்கு அதிகம் கொடுப்பீர்கள், இல்லையென்றால் அனிமேட்டர் காளையைப் புழுதிக்குள் மறைத்துவிடுவார். அனுபவமுள்ளவர்கள் ஷாட்டுகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து மூன்று விலை சொல்வார்கள். அப்படிச் சொல்பவரைக் கண்டால் பயப்படாதீர்கள். வேலை தெரிந்தவர் அவர்.

இன்னொரு மறைமுகச் செலவு ரிக், அதாவது பொம்மைபோல அசைக்கத் தயார் செய்த கதாபாத்திரம். மோஹோ, டூன் பூம் ஹார்மனி போன்ற மென்பொருள்களில் உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து எலும்பு மாட்டி அசைக்கும் முறையில், கதாபாத்திரத்தைத் தயார் செய்வதே பாதி உழைப்பு. முதல் வினாடி வருவதற்குள் ஒரு வாரம் போயிருக்கும். அதற்குப் பிறகு வேகம் பிடிக்கும். வெறும் வினாடிக் கணக்கில் அந்த முதல் வாரத்துக்குக் காசு இல்லை. ரிக்குக்குத் தனித் தொகை என்று நீங்களே முன்வந்து சொன்னால் இரண்டு நன்மை: அவருக்கு நியாயம், உங்களுக்கு அந்த ரிக் ஃபைலைக் கேட்டு வாங்கும் உரிமை.

எடிட்டிங்கில் வெட்டிப் போட்ட வினாடிகளுக்கும் காசு உண்டா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். உண்டு என்பதுதான் சரி, ஏனென்றால் வரைந்தது வரைந்ததுதான்.

ஒரே கதாபாத்திரங்கள், ஒரே பாணி, பெரும்பாலும் பேச்சு என்று வாரம் ஒரு கதை போடும் யூடியூப் சேனலுக்கு இந்த முறை அருமையாகப் பொருந்தும். முதல் ரிக் செலவு பல கதைகளுக்குப் பரவிவிடுகிறது. ஒற்றைக் குறும்படத்துக்கு அவ்வளவாக ஒத்துவராது.

## ஷாட் பட்டியலோடு மொத்தத் தொகை

அனிமேட்டிக் லாக் ஆகியிருந்தால் நான் சொல்வது இதைத்தான். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் எடுத்து ஷாட் எண், நீளம், யார் யார் இருக்கிறார்கள், கேமரா நகர்கிறதா, பின்னணி புதிதா பழையதா என்று எழுதுங்கள். 90 வினாடிப் படத்தில் இருபது முப்பது ஷாட்டுகள் வரும். அனிமேட்டர் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை போடுவார். காளை ஷாட்டின் விலையைப் பார்த்ததும் அது கதைக்கு நிஜமாகவே தேவையா என்று நீங்களே யோசிப்பீர்கள். பணத்தை எங்கே செலவழிக்கிறோம் என்று இந்தப் பட்டியல் காட்டிக்கொடுப்பதுபோல வேறெதுவும் காட்டாது.

பேமெண்ட்டைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது இதன் அடுத்த பாதி. தொடங்கும்போது 30 சதவீதம், எல்லா ஷாட்டும் ரஃப் நிலையில் ஓகே ஆனதும் 40, வண்ணம் முடிந்து இறுதி ஃபைல்கள் வந்ததும் 30 என்பது இருவருக்கும் தாங்கும் பிரிப்பு. முழு அட்வான்ஸ் கொடுப்பதும், "எல்லாம் முடியட்டும், மொத்தமா தர்றேன்" என்பதும் வேண்டாம். இரண்டாவது இன்னும் மோசம்: மாத வாடகை கட்ட வேண்டியவர் நடுவில் வேறு வேலையை எடுத்துக்கொண்டு உங்கள் படத்தை ஓரம் கட்டுவார், அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கரெக்‌ஷனை எண்ணிப் பேசுங்கள். ரஃப் நிலையில் ஷாட்டுக்கு இரண்டு சுற்று, வண்ணம் போட்ட பிறகு சின்னத் திருத்தம் ஒரு சுற்று. அதைத் தாண்டினால் அந்த ஷாட்டின் விலையில் இத்தனை சதவீதம் கூடுதல். ரஃபில் கையைத் தூக்கச் சொல்வது சில கோடுகள். கிளீனப் முடிந்து வண்ணமும் போட்ட பிறகு அதே கையைத் தூக்கச் சொன்னால் ஷாட்டையே மறுபடியும் செய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் "சின்ன சேஞ்ச்" மாதிரியே தெரியும். அனிமேட்டர்களோடு வரும் சண்டைகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

ஆள் பாதியில் போனாலும் இந்த முறையில் கையில் ஏதாவது இருக்கும், ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு கட்டத்திலும் வீடியோவோடு மூல ஃபைலையும் வாங்கிக்கொண்டே வர வேண்டும். வெறும் எம்பி4 வைத்துக்கொண்டு அடுத்த அனிமேட்டர் ஒன்றும் செய்ய முடியாது. நீங்களே படத்தை நிறுத்த வேண்டிவந்தால் அதுவரை முடிந்த ஷாட்டுகளுக்கு முழுத் தொகை, தொடங்கியவற்றுக்குப் பாதி என்று ஒரு நிறுத்தத் தொகையும் எழுதிவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம். பட்டியலும் அனிமேட்டிக்கும் தயாராகவே பல மாலைகள் போகும். ஓகே சொல்ல நீங்கள் இரண்டு வாரம் எடுத்தால் அவர் உங்களுக்காக ஒதுக்கிய நாட்கள் போய்விடும், பிறகு அவர் எப்போது திரும்புவார் என்பது அவர் கையில்கூட இல்லை. மூன்று நாளில் பதில் சொல்வேன் என்று நீங்களும் வாக்குக் கொடுக்க வேண்டிய முறை இது.

## நாள் கூலி, வாரக் கூலி

கொத்தனாரை நாள் கூலிக்கு வைப்பதா காண்டிராக்ட் விடுவதா என்ற அதே பழைய வழக்கு. நாள் கூலியில் நீங்கள் மனசு மாறலாம், சுவரை இடித்துக் கட்டச் சொல்லலாம், அவர் முகம் சுளிக்க மாட்டார்; காசு உங்களுடையது. ஆனால் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கதாபாத்திர வடிவமைப்பு, வண்ணத் திட்டம், "இந்தக் கனவு சீன் எப்படி இருக்கும்னு தெரியல, முயற்சி பண்ணிப் பாப்போம்" என்ற மாதிரித் தேடல் வேலைகளுக்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது. இத்தனை நாளுக்கு மேல் போகாது என்று ஒரு உச்சவரம்பு வைத்துவிடுங்கள். படம் முழுவதையும் நாள் கூலியில் செய்ய நாற்பதாயிரம் தாங்காது.

## வருமானத்தில் பங்கு

"யூடியூப்ல வர்ற காசுல பாதி உங்களுக்கு." சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இனிக்கும். கொஞ்சம் கணக்குப் போடலாம்.

சேனலுக்கு விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸ் வழி என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள்). 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். 90 வினாடிப் படத்தை எல்லோரும் கடைசிவரை பார்த்தாலும்கூட 1,60,000 முறை ஓட வேண்டும், அதுவும் பணம் வரத் தகுதி பெறுவதற்கு மட்டும். அதற்குப் பிறகு நீள வீடியோ விளம்பர வருமானத்தில் சேனலுக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45. விளம்பரக் காசு சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேரும்வரை கைக்கு வராது. வந்தாலும் ஒரே ஆளின் வங்கிக் கணக்குக்கு வரும், வரிக் கணக்கில் அவர் வருமானமாக நிற்கும். ஒரு சின்னப் படத்துக்குப் பங்கு என்பது பெரும்பாலும் இலவசம் என்பதன் இன்னொரு பெயர்.

அதனால் முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே வருமானம் வரும் சேனலாக இருந்தால், கணக்குத் திரையை மாதாமாதம் திறந்து காட்ட நீங்கள் தயார் என்றால், பேசலாம். குறைந்த தொகை உறுதியாகக் கொடுத்து அதற்கு மேல் பங்கு என்ற கலப்பு முறை இன்னும் நல்லது. திரைப்பட விழாப் பரிசுத் தொகை, பிற்காலத்தில் யாராவது வாங்கினால் வரும் தொகை இரண்டுக்கும் சதவீதம் எழுதிவைப்பது யூடியூப் பங்கைவிட அர்த்தமுள்ளது. விழா நுழைவுக் கட்டணம் கழித்த பிறகா, கழிக்காமலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

## காசில்லாக் கூட்டு

இதில் மூன்று ரகம் உண்டு. மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பது தவறு.

முதலாவது, சமமானவர்கள் சேர்வது. இணையத்தில் அனிமேட்டர்கள் 'மேப்' என்று சொல்லும் மல்டி அனிமேட்டர் புராஜெக்ட் இப்படித்தான் நடக்கிறது. ஒரு பாட்டைச் சில வினாடிகளாகத் துண்டு போட்டு ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வார்கள். பாணி மாறிக்கொண்டே இருப்பதுதான் அங்கே அழகு. ஒருவர் விட்டுப் போனால் மாற்று ஆட்களின் பட்டியல் தயாராக இருக்கும். எல்லோரும் வரைபவர்கள், யாரும் யாருக்கும் முதலாளி இல்லை, அதனால் அது இயங்குகிறது. பாட்டு வேறொருவருடையது என்றால் பாட்டைத் தானாக அடையாளம் காணும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி பிடித்து விளம்பரக் காசு பாட்டின் உரிமையாளருக்குப் போகும் அல்லது வீடியோவே முடங்கும். காசை எதிர்பார்த்து யாரும் வரவில்லை என்பதால் காசு போவது பெரிதாக வலிக்காது.

இரண்டாவது, வேலைக்கு வேலை. நீங்கள் இசையமைப்பவர், அவர் தன் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் ஷோரீல் வீடியோவுக்கு இசை கொடுக்கிறீர்கள், அவர் உங்கள் படத்தில் ஐந்து ஷாட் செய்கிறார். இரண்டு பக்கமும் எத்தனை நாள் உழைப்பு என்று வெளிப்படையாகப் பேசிக்கொண்டால் நன்றாகவே நடக்கும்.

மூன்றாவதுதான் "பேர் போட்டா போதும் அண்ணா". அந்தப் பையன் உண்மையாகத்தான் சொல்கிறான். செமஸ்டரோ, வேலைக்கான நேர்காணலோ, சென்னையில் ஏதாவது ஸ்டூடியோவில் நைட் ஷிஃப்ட்டோ வரும்வரை. அதன்பின் உங்கள் செய்திகளுக்கு ஒற்றை டிக்தான். காசு வாங்காதவரிடம் கெடு வைக்க முடியாது, "இது சரியில்லை, மறுபடி செய்" என்று சொல்லவும் வாய் வராது. இலவசத்தில் கரெக்‌ஷன் செலவு முழுக்கப் படத்தின் தரத்தில் இறங்குகிறது. அவன் திறமை உங்களுக்குப் பிடித்திருந்தால் மூன்று ஷாட் மட்டும் கொடுத்து, அந்த மூன்றுக்கும் கைக்கு எட்டிய தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

இதில் சட்டப்படியும் ஒரு பள்ளம் இருக்கிறது. அது கீழே வருகிறது.

| வழி | மனசு மாறினால் செலவு | ஆள் போனால் மிஞ்சுவது | எப்போது நல்லது |
|---|---|---|---|
| வினாடிக் கணக்கு | பேசிக்கொள்ளாவிட்டால் சண்டை | முடிந்த வினாடிகள், கேட்டு வாங்கினால் ரிக் | தொடர் கதைகள், பேச்சு அதிகம் |
| ஷாட் கணக்கு | எண்ணிப் பேசியபடி இருவருக்கும் | முடிந்த ஷாட்டுகளும் மூல ஃபைல்களும் | அனிமேட்டிக் லாக் ஆன குறும்படம் |
| நாள் கூலி | முழுக்க உங்களுக்கு | அன்றுவரை செய்த எல்லாம் | வடிவமைப்பு, பரிசோதனை |
| பங்கு | முழுக்க அனிமேட்டருக்கு | பெரும்பாலும் மனக்கசப்பு | ஏற்கெனவே ஓடும் சேனல் |
| காசில்லாக் கூட்டு | படத்தின் தரத்துக்கு | ஆளைப் பொறுத்தது | சமமானவர்கள், சின்னத் துண்டுகள் |

## எழுத்தில் இருக்க வேண்டியவை

நண்பர்களுக்குள் எதற்கு ஒப்பந்தம் என்று கேட்காதீர்கள். நண்பர்களுக்குள்தான் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி படைப்பை உருவாக்கியவரே பொதுவாக முதல் உரிமையாளர். பணம் கொடுத்து ஓவியமோ திரைப்படமோ செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, செய்யச் சொன்னவருக்கு உரிமை போகும் என்ற விதிவிலக்கு அதிலேயே இருக்கிறது. அந்த விதிவிலக்கு நிற்பது கொடுத்த பணத்தின் மேல். இலவசக் கூட்டில் அந்தப் பிடியும் இல்லை: எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் அந்தப் பையன் வரைந்த கதாபாத்திரம் அவனுடையது. பணம் கொடுத்திருந்தாலும் கதாபாத்திர வடிவமைப்பும் ரிக்கும் தானாக வந்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம், அவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

எழுதும்போது 19ஆவது பிரிவைக் கவனியுங்கள். உரிமையை ஒப்படைப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்தெந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்கு அனுப்பும் கனவு இருந்தால் அந்த ஒரு வரி முக்கியம். ஒப்படைத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஒப்படைப்பே காலாவதியாகும் என்பதும் அதில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்கில் பாதியில் தூங்கும் படங்களுக்கென்றே எழுதியதுபோல.

பெயர் போடுவது தயவு அல்ல. உரிமையை முழுக்க விற்ற பிறகும் படைப்பாளி தன் பெயரைக் கேட்கும் உரிமையை 57ஆவது பிரிவு காக்கிறது. அவர் தன் ஷோரீலில் அந்த ஷாட்டுகளைக் காட்டலாமா, எப்போதிலிருந்து காட்டலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

தொழில்நுட்பத்தில் இரண்டே வரி போதும்: ஃபிரேம் ரேட் 24, அளவு 1920க்கு 1080, பின்னணி இல்லாத ஷாட் பிஎன்ஜி வரிசையாக (ஃபிரேமுக்கு ஒரு படமாக) வரும். ஒருவர் 24லும் இன்னொருவர் 30லும் செய்து அனுப்பினால் எடிட்டிங்கில் அசைவு திக்கித் திக்கி வரும், அதைச் சரிசெய்யத் தனிச் செலவு. எந்த மென்பொருள் என்பதையும் கேளுங்கள். பிளெண்டர், க்ரீட்டா, ஓப்பன்டூன்ஸ் என்று இலவசமானவற்றில் செய்தால் மூல ஃபைலை நீங்களே திறக்கலாம். ஹார்மனி ஃபைலை வாங்கி வைத்தால் திறக்க சந்தா கட்ட வேண்டும்.

## பணம் போகும் பாதை

தெரியாத ஆள் என்றால், ஆள் பிடித்துத் தரும் ஃபைவர் போன்ற தளங்களில் வேலை முடியும்வரை பணம் நடுவில் நிற்கும் என்ற நிம்மதி உண்டு. அதற்கு விலையும் உண்டு: அனிமேட்டர் வாங்கும் தொகையில் 20 சதவீதத்தை ஃபைவர் எடுத்துக்கொள்கிறது, உங்களிடமும் தனிக் கட்டணம் வாங்குகிறது. அவர் அதையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். நேரடியாகப் பேசினால் இந்தியாவுக்குள் யுபிஐ போதும். பேபால் 2021 ஏப்ரலோடு உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் தனி அனிமேட்டர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் ஜிஎஸ்டி பதிவு செய்த சின்ன ஸ்டூடியோவிடம் போனால் 18 சதவீதம் மேலே வரும். 40,000 என்று பேசியது 47,200 ஆகும். கொட்டேஷனில் இது உள்ளேயா வெளியேயா என்று கேட்டுவிடுங்கள்.

தெரியாதவரோ தெரிந்தவரோ, முழு ஒப்பந்தத்துக்கு முன் ஒரே ஒரு ஷாட்டைக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நடுத்தரக் கடினமுள்ள ஐந்து வினாடி ஷாட். ஷோரீல் சொல்லாததை அது சொல்லும்: கெடுவை எப்படிப் பார்க்கிறார், கரெக்‌ஷனை எப்படி எடுத்துக்கொள்கிறார், ஃபைலுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கிறாரா. இலவச டெஸ்ட் கேட்காதீர்கள், நல்லவர்கள் அங்கேயே விலகிவிடுவார்கள்.

## பத்தாயிரம்தான் இருக்கிறது என்றால்

90 வினாடியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். மூன்று கதாபாத்திரம் ஒன்றாகட்டும், 90 வினாடி 20 ஆகட்டும், ஷாட் கணக்கில் முறையாகச் செய்யுங்கள். கதையைக் குறைக்க மனசே வரவில்லையா? அந்தப் பத்தாயிரத்தை ஸ்டோரிபோர்டு கலைஞர் ஒருவருக்கு நாள் கூலியாகக் கொடுத்து முழுப் படத்துக்கும் நல்ல அனிமேட்டிக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குரலும் பின்னணி ஒலியும் சேர்த்தால் அதைப் போட்டுக் காட்டியே அடுத்த முப்பதாயிரத்தைக் கேட்கலாம். அப்போது அனிமேட்டர்கள் சொல்லும் விலையும் குறையவே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் என்ன வேலை என்று அவர்களுக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.